நாற்பத்தொரு மார்க்

தம்பி,

வழக்கம்போல இந்தக் கடிதத்தையும் அக்கா வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டிவிடாதே. எங்காவது தனியாக உட்கார்ந்து படி. நீயும் அக்காவும் அங்கே நலமா என்று தொடங்கிப் பழகிய கை இது. இன்றைக்கு அந்த வரியை எழுத வரவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கண் மட்டும் கொஞ்சம் மங்கல், கண்ணாடியை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இன்று வியாழன். இரண்டு நாளாக அதை மேஜைமேல் வைத்துவிட்டு அதையே சுற்றிச் சுற்றி வருகிறேன். பெங்களூரிலிருந்து சந்தாபுராவுக்கு பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம், நேரில் வந்தே சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் இந்தத் தாளும் பேனாவும்.

நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், எழுதும்போது பெருமை உன் கண்ணை மறைத்திருக்கும். உன் வகுப்பில் படிக்கிற அக்கா மகன் ரவி, கணக்கில் முப்பத்திரண்டு வாங்கியிருக்கிறான். பாஸுக்கு மூன்று குறைவு. அதே முப்பத்திரண்டு வாங்கிய வேறு இரண்டு பிள்ளைகளுக்கு நீ கிரேஸ் மார்க் போட்டு நாலாம் வகுப்புக்கு ஏற்றிவிட்டாய். ரவிக்கு மட்டும் போடவில்லை. நீ அந்த வீட்டில் தங்கிச் சாப்பிடுகிறவன், ஊர் நாலு விதமாகப் பேசும் என்று எழுதியிருக்கிறாய். அக்காவிடம் சொன்னபோது அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாளாம், உன் மகளல்லவா அம்மா, புரிந்துகொண்டாள் என்கிறாய். ரவிக்கு இப்போது தெரிய வேண்டாம், திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கும்போது மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து தெரிந்துகொள்ளட்டும் என்கிறாய். கடைசியில், “நீ எனக்குச் செய்ததைத்தான் நானும் செய்கிறேன் அம்மா” என்று முடித்திருக்கிறாய். ஆனேக்கல்லில் நடந்த ஆசிரியர் கூட்டத்திலும் என் கதையைச் சொன்னாயாம், சொந்த மகனையே மூன்றாம் வகுப்பில் நிறுத்திய தாய் என்று. எல்லோரும் கைதட்டினார்களாம்.

தம்பி, நீ மூன்றாம் வகுப்பில் பெயிலாகவில்லை. கணக்கில் நீ வாங்கியது நாற்பத்தொன்று. ரெஜிஸ்டரில் அதை முப்பத்தொன்று என்று எழுதியவள் நான். தெரிந்தேதான் எழுதினேன். பதினேழு வருஷமாக உன்னைப் பெயிலானவன் என்று நம்ப வைத்ததும் நான்தான். இந்த நாலு வரியை எழுதுவதற்குள் ஆறு தாளைக் கிழித்துப் போட்டேன். இனி எழுதப்போவதெல்லாம் அது எப்படி நடந்தது என்கிற விவரம். சாக்குச் சொல்வதாக எந்த வரியாவது தொனித்தால், அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு மேலே படி.

எங்கள் பள்ளிக்கூடம் உனக்கு நினைவிருக்கும். ரிச்சர்ட்ஸ் டவுனின் பெரிய பங்களாக்களுக்குப் பின்னால், ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஓட்டுக் கட்டடம். நாலு வகுப்பு, வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே மூங்கில் தட்டி. பங்களாக்களில் சமையலுக்கும் தோட்டத்துக்கும் போகிறவர்களின் பிள்ளைகள், ரயில்வேக்காரர்களின் பிள்ளைகள், நம்மைப்போல் ஆபீஸ் உத்தியோகக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் அங்கேதான். நான் மூன்றாம் வகுப்பு மிஸ். கண்டிப்பான மிஸ், நியாயமான மிஸ் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயர்மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்கே அப்போது தெரியாது. நகை ஆசை, புடவை ஆசை பிடித்த பெண்களைக் கேலி செய்வேன். என் ஆசை அதைவிட மோசம், அதைக் கழற்றிப் பெட்டியில் வைக்கக்கூட முடியாது.

நீ என் வகுப்புக்கு வந்த வருஷம் உனக்கு நான் போட்ட சட்டங்களை நினைத்தால் இப்போது கூசுகிறது. பள்ளிக்கூடத்தில் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது, மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். நீ, வா, போ கிடையாது. போகும்போதும் வரும்போதும் எனக்குப் பத்தடி பின்னால் நடக்க வேண்டும். பள்ளிக்கூட விஷயம் எதுவும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. நீ ஏழு வயசுப் பிள்ளை. இதையெல்லாம் ஒரு விளையாட்டைப்போல எடுத்துக்கொண்டாய். நான் நின்றால் நீயும் பின்னால் நிற்பாய், செருப்பு வார் அறுந்து நான் குனிந்தால் நீயும் குனிந்து எதையோ சரி செய்வதுபோல் பாவனை செய்வாய். தெருவில் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு நாளாவது திரும்பிப் பார்த்துச் சிரித்திருக்கலாம்.

அந்த வருஷம் மாசி, பங்குனி வாக்கில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடந்தன. ஒன்று, எங்கள் ஹெட்மிஸ் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்தது. அடுத்து யார் என்று பள்ளிக்கூட மேனேஜர் ஐயா ஜூன் மாதம்தான் சொல்வதாக இருந்தார். நானும் நாலாம் வகுப்பு மிஸ்ஸும்தான் அந்த இடத்துக்கு உரியவர்கள். இன்னொன்று, முந்தின வருஷம் பெயிலாகி மறுபடியும் என் வகுப்பில் இருந்த செல்வராஜின் அம்மா ஒரு நாள் வாசலில் வந்து நின்றாள். பங்களா வீட்டில் ஆயா வேலை பார்க்கிறவள், நல்ல உழைப்பாளி, வாய் மட்டும் நீளம். மற்றத் தாய்மார்களும் பிள்ளைகளை அழைத்துப்போக நின்றுகொண்டிருந்த நேரம். “என் பையனுக்குச் சொல்லித்தர வீட்ல யாரிருக்கா மிஸ்? உங்க பையனுக்குக் கேள்விப் பேப்பரே வீட்ல இருக்குது, அவன் ஏன் பெயிலாவான்?” என்றாள். நின்றவர்களில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த முந்தானையை மறக்க எனக்கு எத்தனையோ நாள் பிடித்தது.

அவள் சொன்னது பொய். கேள்விப் பேப்பரை நான் பள்ளிக்கூட பீரோவிலேயே பூட்டி வைத்திருந்தேன். பரீட்சைக்கு முந்தின மூன்று மாதமும் வீட்டில் உனக்கு ஒரு கணக்குக்கூடச் சொல்லித் தரவில்லை, நீ கேட்டபோதுகூட. அதற்கு முன்னால், கூட்ஸ் வண்டி போகும்போது நீ வாசலில் நின்று பெட்டிகளை எண்ணுவாய். கடைசிப் பெட்டி கடப்பதற்குள் மொத்தம் எத்தனை சக்கரம் என்று சொல்லிவிடுவாய். நானும் உன்னோடு எண்ணியிருக்கிறேன். அதையும் நிறுத்திவிட்டேன், யாராவது பார்த்தால் பாடம் நடத்துகிறேன் என்பார்கள் என்று. அப்படியிருந்தும், உதவி எதுவும் இல்லாமல், நீ நாற்பத்தொன்று வாங்கினாய். அறுபது எழுபது வாங்கியிருக்க வேண்டியவன், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததில் பயந்துபோய் நாற்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தாய்.

மார்க் ஏற்றுகிற வேலையை நான் தனியாகச் செய்ததில்லை. ஒருவர் பேப்பரைப் பார்த்து நம்பரையும் மார்க்கையும் சொல்ல, இன்னொருவர் ரெஜிஸ்டரில் எழுதினால் வேலை சீக்கிரம் முடியும், தப்பும் வராது. வீட்டில் எனக்கு மார்க் படிக்கிறவள் அக்கா. அவளுக்கு அப்போது பதிமூன்று வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நீ வெளியே கோலி விளையாடிக்கொண்டிருந்தாய், அப்பா தபால் ஆபீஸில் டியூட்டி. அக்கா மணி அடித்தாற்போல் ஒரே சீராகப் படித்துக்கொண்டு வந்தாள். பதினைந்து, ஐம்பத்திரண்டு. பதினாறு, முப்பத்தெட்டு. செல்வராஜின் நம்பர் ஒன்பது, அவன் இருபத்தொன்பது, அதை ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அவன் மறுபடியும் பெயில். அது என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் பெயில், மிஸ் பிள்ளை பாஸ் என்று ஜூன் மாதம் வாசலில் பேசப்போவதெல்லாம் காதில் கேட்டது. “பதினேழு, நாப்பத்தொண்ணு” என்றாள் அக்கா. நான் முப்பத்தொன்று என்று எழுதினேன். அவள் என் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மா, நாப்பத்தொண்ணு” என்றாள். “முப்பத்தொண்ணுதான். நீ அடுத்ததைப் படி” என்றேன். அவள் பேப்பரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பதினெட்டைப் படித்தாள். குரல் மட்டும் இறங்கிப்போயிருந்தது. அடுத்த வருஷத்திலிருந்து, எனக்கு நிறைய வீட்டுப்பாடம் இருக்கிறது அம்மா, மார்க் படிக்க வரமுடியாது என்று சொல்லிவிட்டாள். உன் பேப்பரை அன்றைக்கே வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஒரு நிமிஷக் கோபத்தில் கை தவறிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் அந்த நிமிஷத்துக்குப் பிறகு எனக்கு ஒரு கோடை லீவு முழுக்க இருந்தது. தினமும் காலையில் எழுந்ததும், இன்றைக்குத் திருத்திவிடலாம் என்று நினைப்பேன். ரெஜிஸ்டர் என்னிடம்தான் இருந்தது, ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அந்த லீவில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் தெரியுமா? அடுத்த தெருப் பையனிடமிருந்து நாலாம் வகுப்புப் பழைய புத்தகங்களை வாங்கிவந்து, பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டுக்கொண்டிருந்தாய். நாலாம் வகுப்பில்தான் டெஸ்க், அதில் மைக்கூடு வைக்கக் குழி, பென்சில் போய்ப் பேனா. அப்பா உனக்கு ஒரு கட்டைப் பேனாவும் இரண்டு நிப்பும் வாங்கித் தந்திருந்தார். பழைய செய்தித்தாளில் எழுதிப் பழகி, விரலெல்லாம் நீலமாகச் சாப்பிட உட்காருவாய். அட்டை ஒட்ட மைதாப் பசை கேட்டாய். அடுப்பில் வைத்துக் கிண்டி, ஆறவைத்துக் கிண்ணத்தில் கொடுத்தேன். எல்லாம் தெரிந்துகொண்டே கொடுத்தேன், தம்பி. கட்டியில்லாமல் நன்றாக இருக்கிறதும்மா என்றாய்.

திறக்கிற நாள் அன்று காலையிலிருந்து தூறல். எங்கள் பள்ளிக்கூட வழக்கப்படி பிள்ளைகள் பழைய வகுப்பிலேயே வந்து உட்கார வேண்டும். மிஸ் ரெஜிஸ்டரைப் பார்த்து நம்பரையும் பெயரையும் வாசிப்பார், வாசிக்கப்பட்டவர்கள் பையை எடுத்துக்கொண்டு தட்டிக்கு அந்தப்பக்கம் போவார்கள். வாசிக்கப்படாதவர்கள் உட்கார்ந்தபடியே இருப்பார்கள். புதுச் சட்டை, எண்ணெய் தடவிய தலை, பையை மடியிலேயே வைத்துக்கொண்டு எழுந்திருக்கத் தயாராக இருக்கிற முப்பது நாற்பது பிள்ளைகள். நான் வாசித்தேன். பதினாறுக்குப் பிறகு பதினெட்டை வாசித்தேன். நீ எழுந்து நின்று கையைத் தூக்கினாய். நான் தவறுதலாக விட்டுவிட்டேன் என்று நினைத்து, என்னைக் காட்டிக்கொடுக்காமல் மெதுவாக, நான் போட்ட சட்டத்தையும் மீறாமல், “மிஸ், பதினேழை விட்டுட்டீங்க” என்றாய். “விடலை. உக்காரு” என்றேன். நீ உட்கார்ந்தாய். அவ்வளவுதான் நடந்தது. அழவில்லை நீ. போகிற பிள்ளைகளுக்கு வழிவிடக் காலை மடக்கிக்கொண்டாய். இரண்டாம் வகுப்பிலிருந்து சின்னப் பிள்ளைகள் வந்தபோது, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்ற ஒருத்திக்கு நகர்ந்து இடம் கொடுத்தாய். செல்வராஜ் கடைசிப் பலகையிலிருந்து எழுந்துவந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் கரும்பலகையைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

மறுநாள் செல்வராஜின் அம்மா வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நான் அதுக்காகவா சொன்னேன் மிஸ்? ஏதோ பேஜார்ல பேசிட்டேன். பையனை மேலே அனுப்பிடுங்க, பாவம்” என்றாள். அவள் ஒருத்திக்குத்தான் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று பட்டிருக்கிறது. நான் நிமிர்ந்து நின்று, இந்தப் பள்ளிக்கூடத்தில் மார்க்தான் பேசும், யார் பிள்ளை என்பது பேசாது என்றேன். எப்படி இருக்கிறது வசனம்? அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அந்த மாதக் கடைசியில் மேனேஜர் ஐயா வந்து, சொந்தப் பிள்ளை என்றும் பார்க்காதவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, என்னை ஹெட்மிஸ் ஆக்கினார். அந்த நாற்காலியில் பதினைந்து வருஷம் உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்துத்தான் மார்க்கைக் குறைத்தேனா என்று கேட்டால், இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. நினைத்திருப்பேன். எங்கோ ஒரு மூலையில் நிச்சயமாக நினைத்திருப்பேன்.

உன் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். திறப்பு நாள் அன்று அவர் வீட்டுக்கு வந்ததும் உன் முகத்தைப் பார்த்தே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டார். எவ்வளவு மார்க் என்று கேட்டார். முப்பத்தொன்று என்றேன். கொஞ்ச நேரம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, “நீ போட்டா அது சரியாத்தான் இருக்கும்” என்றார். ஒரு சண்டை போட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் என்னை நம்பினார். கடைசிவரை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ஒரு தடவை வாயைத் திறந்தேன், அவர் தூங்கிவிட்டார் என்று மூடிக்கொண்டேன். அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்த ஒரு வருஷம்தானே போயிற்று, பிறகு நன்றாகத்தானே படித்தாய் என்று என்னை நானே தேற்றிக்கொண்டது உண்டு. அது பொய் என்று உன்னைப் பார்க்கப் பார்க்கத் தெரிந்தது. கூட்ஸ் வண்டி போனால் நீ வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டாய். இரண்டும் மூன்றும் கூட்டினால்கூட மூன்று தடவை சரிபார்ப்பாய். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் உன் வாத்தியார் வீட்டுக்கே வந்து, பையனைக் காலேஜில் கணக்கு எடுக்கச் சொல்லுங்கள், இன்ஜினியர் ஆவான் என்றார். நீ சிரித்துக்கொண்டே, “எனக்குக் கணக்கு வராது சார், மூணாங்கிளாஸ்லயே தெரிஞ்சுபோச்சு” என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நான் காபி கொண்டுவர உள்ளே போய்விட்டேன். அங்கே பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அதைக்கூட இறக்கி வைக்கத் தோன்றவில்லை. அன்றைக்கு நான் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியிருக்கும். வாத்தியார் வேலை மட்டமான வேலை என்று நான் சொல்லமாட்டேன், நானே பார்த்த வேலை அது. நீ அதை நன்றாகச் செய்கிறாய் என்று கேள்வி. ஆனால் நீயாகத் தேர்ந்தெடுத்து வந்த வேலை அல்ல இது. வராது என்று ஒன்றை நினைத்து, அதைவிட்டு ஒதுங்கி வந்து சேர்ந்த இடம். வரும் என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது.

அக்காவுக்கும் தெரியும். அவள் இத்தனை வருஷம் ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். எனக்காகத்தான். தம்பி என்னை எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும், அங்கிருந்து என்னைக் கீழே தள்ள அவளுக்கு மனம் வரவில்லை. என்னிடமும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கல்யாணமாகிப் போகிற அன்று என் காலில் விழுந்து எழுந்தவள் முகத்தைப் பார்த்து, இப்போது கேட்டுவிடுவாள் என்று பயந்தேன். இப்போது அவள் பிள்ளைக்கே அது நடக்கப்போகிறது, அப்போதும் உன்னிடம் வாயைத் திறக்காமல் உள்ளே போய்விட்டாள். அதை நீ புரிதல் என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தின் கடைசியில், தபாலில் போடச் சொல்லி நீ மடித்துக் கொடுத்த பிறகு, ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருக்கிறாள். “திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்குதும்மா.” வேறு ஒரு எழுத்து இல்லை. என் மகள் இப்படி ஒரு வரியில் எனக்கு நினைவூட்ட வேண்டிய நிலையில் நான் என்னை வைத்துக்கொண்டேன்.

ரவி விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்குச் சலுகை காட்டு என்று நான் கேட்கவில்லை. மற்ற இரண்டு பேருக்கும் எதைக் கொடுத்தாயோ அதை அவனுக்கும் கொடு. மூன்று பேரையும் நிறுத்துவதென்றாலும் நிறுத்து, அது உன் வகுப்பு, உன் கணிப்பு. அவன் யார் மகன் என்பதற்காக மார்க் கூடக் கூடாது என்று உனக்குத் தெரிகிறது. அதற்காகக் குறையவும் கூடாது என்று உனக்குச் சொல்லித்தர ஆள் இல்லாமல் போயிற்று, சொல்லித்தர வேண்டியவள் நானே அதைச் செய்தவள். பேனாவை எடுக்கும்போது பேப்பரில் இருக்கிற பிள்ளை மட்டும் கண்ணில் தெரிய வேண்டும். அன்றைக்கு எனக்கு வாசலில் நின்ற பெண்கள் தெரிந்தார்கள், மேனேஜர் தெரிந்தார், நீ தெரியவில்லை. ஊர் பேசினால் பேசட்டும், நாலு நாள் பேசும், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடும். இன்னொன்று, எந்தப் பிள்ளையை நிறுத்துவதானாலும், திறக்கிற நாளில் நாற்பது பேர் நடுவில் அது அவனுக்குத் தெரியக் கூடாது. முன்கூட்டியே வீட்டுக்குப் போ, தாய் தகப்பனிடம் சொல், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நீயே சொல். உன் ஹெட்மாஸ்டர் வழக்கமில்லை என்றால், புதிதாக ஆரம்பிக்கச் சொல். எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் ஹெட்மிஸ் ஆனபிறகு அந்த வழக்கத்தை மாற்றினேன். என்ன நல்ல மனசு என்றார்கள். அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

கடிதம் கிடைத்ததும் எனக்குப் பதில் எழுத உட்காராதே. முதலில் அக்காவிடம் போ. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைப் பற்றி அவளிடம் கேள், அவள் சொல்வாள். நான் மறந்தது ஏதாவது இருந்தால் அதுவும் அவளுக்கு ஞாபகம் இருக்கும். பதினேழு வருஷம் அவள் தனியாக வைத்துக்கொண்டிருந்ததை இனியாவது யாருடனாவது பேசட்டும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. மார்க்கைக் குறைத்ததைவிட, அப்பாவிடம் பொய் சொன்னதைவிட, எனக்குப் பெரிய வெட்கம் இதுதான், அதனால்தான் கடைசிவரை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். அந்தத் திறப்பு நாள் சாயங்காலம் நான் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நீ வந்து நிலைப்படியில் நின்றாய். சட்டையைக்கூட மாற்றவில்லை. வீட்டில் என்னை அம்மா என்று கூப்பிட உனக்கு உரிமை இருந்தது, அன்று நீ அதை எடுத்துக்கொள்ளவில்லை. “மிஸ், என்னால உங்களுக்கு அவமானமாயிடுச்சு. இனிமே நல்லாப் படிக்கிறேன். மன்னிச்சிடுங்க” என்றாய். உனக்கு எட்டு வயது. நான் கீரையிலிருந்து தலையைத் தூக்கி, “சரி, இந்தத் தடவை மன்னிச்சேன். போ” என்றேன். மன்னித்தேன், தம்பி. நாற்பத்தொன்று வாங்கிய பிள்ளையை மன்னித்து அனுப்பினேன். நீ நிம்மதியாக விளையாடப் போனாய்.

இப்போது நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும், மறு தபாலிலேயே எழுதுவாய், பஸ் ஏறி வந்தாலும் வந்துவிடுவாய். கொடுக்காதே. அவசரப்படாதே. கொஞ்ச நாள் என்மேல் கோபமாக இரு. எட்டு வயதில் உனக்கு வந்திருக்க வேண்டிய கோபம் அது. அதைக்கூட நான் உனக்கு வரவிடவில்லை.

அம்மா